புறக்கோட்டையிலிருந்து சென்னைக்கு

கொழும்புப் புறக்கோட்டைப் புடவை வியாபாரிகளுக்குச் சென்னைப் பயணம் புதிதல்ல. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு வான்வழியே சுமார் 650 கிலோமீற்றர். பறப்பது ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலம். மணிக்கூட்டைத் திருப்பவும் வேண்டாம், இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். திருச்சி இன்னும் கிட்ட, 420 கிலோமீற்றர்தான்.

ஆனால் புறக்கோட்டையில் 187ஆம் இலக்க பஸ் ஏறி, பொதி நிறுத்து, குடியகல்வு வரிசையைத் தாண்டுவதற்குள் பறக்கும் நேரத்தைவிடக் கூடுதல் நேரம் போய்விடும்!

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை, கொழும்புக் கோட்டை நிலையத்தில் இரவு ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, அக்கரையில் அந்தத் தனுஷ்கோடியில் மறுபடி ரயில் பிடித்துப் பலர் சென்னை போனார்கள்.

இன்னொன்று: யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை வான்வழியே சுமார் 355 கிலோமீற்றர். கோட்டையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் பாதையோ கிட்டத்தட்ட 400.