புள்ளியைத் துடைக்கப் போய்…

"ஏல, எங்க அம்மை கையில இருந்த பச்சையை எங்கல கொண்டு போட்ட?"

அத்தை இப்படிக் கேட்டதும் நான் திருதிருவென்று விழித்தேன். ஆச்சியின் பதினாறாம் நாள் காரியம். மாலை போட்டு வைத்திருந்த படத்தை ஊரே மெச்சிக் கொண்டிருந்தது. அத்தை மட்டும் கண்ணாடியை ஏற்றி விட்டுக் கொண்டு, அதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள்.

அந்தப் படம் ஒரு நாள் சாயங்காலம் மின்சாரம் போன சமயத்தில் எடுத்தது. ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு விளக்கு. காதில் பாம்படம், மடியில் வெற்றிலைச் செல்லம். ஸெல்போனில் சட்டென்று அமுக்கினேன். பிற்பாடு பார்த்தால், படம் முழுவதும் மணலை வாரி இறைத்தாற்போல் சிவப்பும் பச்சையுமாகப் பொடிப் புள்ளிகள்! ஆனாலும் ஆச்சி சிரித்துக் கொண்டிருந்த படம் அது ஒன்றுதான். எனவே, புள்ளிகளை நீக்கும் மென்பொருள் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பொத்தானை அமுக்கினேன். (அதன் பெயர் இங்கே வேண்டாம்.) அரை நிமிஷத்தில் ஆச்சி பளிச்சென்று வந்துவிட்டாள். வயதிலே இருபது குறைந்திருந்தது. அதில் எனக்குப் பெருமைகூட!

ஆச்சியின் முழங்கைக்குக் கீழே, சின்ன வயதில் குத்திக் கொண்ட பச்சை உண்டு. புள்ளி வைத்துப் போட்ட கோலம். மென்பொருளுக்குக் கோலப் புள்ளி எது, இருட்டுப் புள்ளி எது என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் ஒரே துடைப்பாகத் துடைத்து விட்டது.

உங்கள் வீட்டிலும் இம்மாதிரிப் படம் ஒன்றாவது இருக்கும். கல்யாண வீட்டில் விடிவதற்கு முன் எடுத்தது, தேரோட்டத்தன்று ராத்திரி எடுத்தது, தொட்டிலில் தூங்கும் குழந்தையை எடுத்தது… அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்து கொண்டால், துடைக்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

குற்றாலத்துச் சாரலில் முற்றத்தில் நூறு டம்ளர்களை வரிசையாக வைப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். பொசுபொசுவென்று தூறும்போது ஒரு டம்ளரில் ஏழு துளி விழும்; அடுத்ததில் பதின்மூன்று விழும். அடைமழை பெய்தாலோ எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர். காமிராவுக்குள் இருக்கும் ஒளியுணரியும் இப்படித்தான். அதில் கோடிக்கணக்கான டம்ளர்கள்; விழுவது ஒளித் துகள்கள். சராசரியாகப் பத்தாயிரம் துகள் விழும் இடத்தில் ஏற்றத்தாழ்வு சுமார் 100. அதாவது நூற்றுக்கு ஒன்று. நூறே துகள் விழும் இருட்டிலோ அது சுமார் 10, நூற்றுக்குப் பத்து! அதைத்தான் 'இரைச்சல்' என்கிறார்கள். படத்தில் இரைச்சலா என்று சிரிக்காதீர்கள். ரேடியோக்காரர்களின் பாஷையிலிருந்து வந்த சொல். 'ஐ.எஸ்.ஓ.'வைக் கூட்டியதால்தான் புள்ளி வந்தது என்று பலர் அதன் மேல் பழி போடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுவல்ல, வெளிச்சப் பஞ்சம்.

இந்த இரைச்சலிலும் இரண்டு ஜாதி. ஒன்று நிறம் மாறித் தெரிவது. மற்றது வெளிச்சம் கூடிக் குறைந்து தெரிவது. கண்ணை உறுத்துவது முதலாவது. இரண்டாவது, பழைய பிலிம் படத்தில் தெரியும் மணிமணியான பொடியைப் போல. கொஞ்சம் இருந்தால் அழகுதான் என்பது என் கட்சி.

துடைக்கும் மென்பொருள்களையும் இரண்டு கட்சியாகப் பிரிக்கலாம். பழைய கட்சி, கணக்கை நம்புவது. ஓர் இடத்தைத் துடைக்க, அதே படத்தில் அதைப் போலவே இருக்கும் மற்ற இடங்களைத் தேடிப் பிடித்துச் சராசரி எடுக்கும் முறை 2005-இல் வெளியாயிற்று. இலவசமாகக் கிடைக்கும் 'டார்க்டேபிள்' இந்த மாதிரிக் கணக்குகளைச் செய்கிறது. எந்தக் காமிராவில் எந்த ஐ.எஸ்.ஓ.வில் எவ்வளவு இரைச்சல் வரும் என்று அளந்து வைத்த பட்டியலும் அதில் உண்டு. 'ராதெரபி' என்ற இன்னொன்றும் காசு கேட்பதில்லை. கொஞ்சம் பொறுமை மட்டும் கேட்கும்.

புதிய கட்சி, செயற்கை நுண்ணறிவு. 'டி.எக்ஸ்.ஓ.' கம்பெனியின் 'டீப்ப்ரைம்' 2020-இலும், அடோபி லைட்ரூமின் 'டீநாய்ஸ்' 2023-இலும் வந்தன. 'டோபாஸ்' கம்பெனியும் இதில் பேர் போனது. ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகிய இவை, இருட்டில் மறைந்ததை 'இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்' என்று ஊகிக்கின்றன. ஊகம் பலித்தால் அற்புதம். தவறினால் ஆச்சியின் கைக் கோலம் போகும்.

இந்த இரண்டு கட்சிகளையும் ஒரே இடத்தில் வைத்துச் சோதிக்க ஒரு கிராமம் உண்டு. நெல்லையிலிருந்து மேற்கே, கடனா நதி தாமிரபரணியோடு கலக்கும் திருப்புடைமருதூர். அங்கே மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டுகின்றன. 2005 பிப்ரவரி 14-ஆம் தேதி அது பறவைகளுக்கான பாதுகாப்பு இருப்பிடமாக அறிவிக்கப்பட்டது. இந்த வகையில் நாட்டிலேயே முதலாவது. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்ளேயோ, நிலைக்கு நிலை மரச் சிற்பங்களும் சுவரோவியங்களும். போர்க் காட்சிகள் உண்டு. குதிரைகளை ஏற்றி வந்த மரக்கலம்கூட உண்டு. வெளிச்சம்தான் இல்லை!

அந்திக் கருக்கலில் கூட்டுக்குத் திரும்பும் நாரை உங்களுக்காக நிற்காது. ஒரே படம்தான், அதுவும் கண நேரத்தில். இங்கே புதிய கட்சி கை கொடுக்கும். ஒரு நிபந்தனை: காமிராவில் 'ரா' என்ற கச்சாக் கோப்பாக எடுத்திருக்க வேண்டும். ஜேபெக் என்றால் காமிராவே பாதி துடைத்து, பாதி கசக்கித்தான் கொடுக்கிறது. டி.எக்ஸ்.ஓ.வின் 'ப்யூர்ரா', பெயருக்கேற்ப, ஜேபெக்கை வாங்கிக் கொள்ளாது. காசு கொடுப்பதற்கு முன் இதை விசாரித்துக் கொள்ளுங்கள். மாதச் சந்தாவா, ஒரே தடவை விலையா என்பதையும்தான்.

கோபுரத்துச் சுவரோ எங்கும் ஓடிவிடாது. அனுமதி பெற்று, முக்காலியில் காமிராவை நிறுத்தி, ஒரே காட்சியைப் பதினாறு தடவை எடுத்துச் சராசரி போட்டால் இரைச்சல் நாலில் ஒன்றாகிவிடும். ஊகம் ஏதும் இல்லை, சுத்தமான கணக்கு. (ஸெல்போனின் ராத்திரிப் படமும் பெரும்பாலும் இந்தத் தந்திரம்தான்.) ஓவியத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதே, அதை இன்றைய படத்தில் பார்த்து, பத்து வருஷம் கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டால்தான் சுவர் பிழைத்ததா என்று தெரியும். விரிசலை அழுக்கென்று நினைத்து அழகு பார்க்கும் மென்பொருளை அங்கே அழைத்துப் போகாதீர்கள். கல்வெட்டுப் படம் என்றால் கேட்கவே வேண்டாம். ஓர் எழுத்தின் கால் கூடினாலோ குறைந்தாலோ, அர்த்தமே வேறு.

சரி, எதை வாங்குவது? பெரும்பாலான மென்பொருள்களைக் கொஞ்ச நாள் இலவசமாகப் பார்க்கத் தருகிறார்கள். கம்பெனிக்காரர்கள் காட்டும் படத்தை நம்பாமல், உங்களுடைய மோசமான படத்தைக் கொடுங்கள். முழு அளவுக்குப் பெரிதாக்கி, தலைமயிர், புடவைக் கரை, எழுத்து ஆகிய இடங்களைப் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா? இருந்தது காணாமல் போயிற்றா? வேகத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடி பாருங்கள். மூலப் படத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

ஒருவேளை எதுவுமே வாங்க வேண்டாமோ என்னவோ! நாலுக்கு ஆறு அங்குலப் பிரதிக்கு 20 லட்சம் புள்ளிகளே தாராளம். 2.4 கோடிப் புள்ளி உள்ள படத்தை அந்த அளவுக்குச் சுருக்கும்போது, பத்துப் பன்னிரண்டு புள்ளி ஒன்றாகச் சேர்ந்து, இரைச்சல் தானாகவே மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

அத்தைக்கு நான் பதில் சொல்ல வேண்டுமே. ஊருக்குத் திரும்பியதும் மூலப் படத்தை எடுத்து ராதெரபியில் போட்டேன். நிற இரைச்சலை மட்டும் துடைத்தேன். வெளிச்சப் பொடியைத் தொடவில்லை. சின்ன அளவில் பிரதி போட்டு, பஸ்ஸில் போன ஒரு சொந்தக்காரர் கையில் கொடுத்தனுப்பினேன். சாயங்காலமே போன் வந்தது.

"கொஞ்சம் சொரசொரன்னுதான் இருக்கு. ஆனா பச்சை தெரியுதுல. பதினோரு புள்ளி. எண்ணிட்டேன்."