அரை லிட்டர் பால்

ஹரியானா மாநிலத்தில் குருட்சேத்திரம் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அந்த மாவட்டத்தில் ஷாஹாபாத் மார்க்கண்டா என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு வண்டிக்காரர் இருந்தார். ஒரு நாள் முழுவதும் வண்டி ஓட்டினால் அவருக்கு 80 ரூபாய் கிடைக்கும். மனைவி வீட்டு வேலைக்குப் போவார். மழை பெய்தால் வீட்டுக்குள் வெள்ளம் வரும். இரண்டு வேளைச் சாப்பாடே பெரும்பாடு.

அவர்களுக்கு 1994 டிசம்பர் 4 அன்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் ராணி. பெயர்தான் ராணி. வீட்டில் நேரம் பார்க்க ஒரு கடிகாரம்கூடக் கிடையாது.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹாக்கி மைதானம் இருந்தது. அங்கே பிள்ளைகள் பயிற்சி செய்வார்கள். சிறுமி ராணி மணிக்கணக்காக நின்று வேடிக்கை பார்ப்பாள். தானும் ஆட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் ஒரு மட்டை வாங்க அப்பாவிடம் பணம் இல்லை.

ராணி தினமும் பயிற்சியாளரிடம் போய்க் கேட்டாள். "உன் உடம்பில் தெம்பு இல்லை. உன்னால் முடியாது" என்று அவர் அனுப்பிவிட்டார். போதிய சாப்பாடு இல்லாத உடம்பு. அவர் சொன்னதில் தவறும் இல்லை.

ராணி விடவில்லை. மைதானத்தில் உடைந்த மட்டை ஒன்று கிடந்தது. அதை எடுத்து ஆடத் தொடங்கினாள். விளையாட்டு உடுப்பு இல்லை. சல்வார் கமீஸ் போட்டுக்கொண்டே ஓடினாள். கடைசியில் பயிற்சியாளர் சரி என்றார்.

வீட்டில் அடுத்த தடை. "பெண் பிள்ளை வீட்டு வேலை கற்றால் போதும். குட்டைப் பாவாடை கட்டி ஆடக் கூடாது" என்றார்கள். "ஒரு முறை விட்டுப் பாருங்கள். நான் தோற்றுவிட்டால் நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன்" என்று ராணி கெஞ்சினாள். அரை மனதாகச் சம்மதித்தார்கள்.

பயிற்சி விடியற்காலையில் தொடங்கும். கடிகாரம் இல்லாத வீட்டில் எப்படி எழுவது? அம்மா தூங்காமல் விழித்திருப்பார். வானத்தைப் பார்த்து, நேரத்தைக் கணித்து, மகளை எழுப்பி அனுப்புவார்.

பாலில் கலந்த தண்ணீர்

பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டும். அது அங்கே விதி. அரை லிட்டர் என்றால் 500 மில்லி. ராணியின் வீட்டில் 200 மில்லிதான் வாங்க முடிந்தது. ராணி என்ன செய்தாள் தெரியுமா? யாருக்கும் தெரியாமல் அதில் தண்ணீர் கலந்தாள். அதைக் குடித்துவிட்டு ஆடினாள். ஆட வேண்டும் என்ற ஆசைதான் காரணம். இதை ராணியே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பாலைப் பற்றிக் கொஞ்சம் யோசிப்போம். ஹாக்கி மைதானம் ஏறக்குறைய 91 மீட்டர் நீளம். ஆட்டம் மொத்தம் 60 நிமிடம். குனிந்தபடி ஓட வேண்டும். நின்று திரும்ப வேண்டும். மறுபடியும் ஓட வேண்டும். வளரும் பிள்ளை இப்படி ஓடினால் சத்துள்ள சாப்பாடு வேண்டும். பால், முட்டை, பயறு, கீரை, பழம் வேண்டும். இல்லாவிட்டால் தசை வளராது. எலும்பு உறுதிப்படாது. சீக்கிரம் அடிபடும்.

பிள்ளைக்குத் திறமை இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. இருந்தாலும் 300 மில்லி பால் குறைகிறது. எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் விளையாட்டை விட்டுப் போகிறார்கள்.

ராணியைத் தாங்கிய கை

ராணி விட்டுப் போகவில்லை. காரணம், அவளை ஒருவர் தாங்கிப் பிடித்தார். அவர்தான் பயிற்சியாளர் பல்தேவ் சிங். முதலில் முடியாது என்று சொன்னவரும் அவரே. அவர் மட்டையும் காலணியும் வாங்கிக் கொடுத்தார். தன் குடும்பத்தோடு தங்க வைத்தார். சாப்பாட்டையும் கவனித்துக்கொண்டார். 2009-ல் மத்திய அரசு அவருக்குத் துரோணாச்சாரியா விருது கொடுத்தது. இது பயிற்சியாளர்களுக்குக் கொடுக்கும் பெரிய விருது.

ஒரு போட்டியில் ராணிக்கு 500 ரூபாய் பரிசு கிடைத்தது. அதை அப்படியே அப்பாவிடம் கொடுத்தாள். அவ்வளவு பணத்தை அப்பா அதுவரை ஒருசேரக் கையில் பிடித்ததில்லை.

பிறகு ராணி வேகமாக மேலே வந்தார். 14 வயதிலேயே இந்திய அணியில் ஆடினார். 2010-ல் அர்ஜென்டினா நாட்டில் உலகக் கோப்பை நடந்தது. அப்போது அவருக்கு 15 வயது. 2013-ல் இளையோர் உலகக் கோப்பையில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வென்றார்கள். அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் ராணிதான்.

2019-ல் புவனேசுவரத்தில் அமெரிக்காவோடு இரண்டு ஆட்டங்கள் நடந்தன. இரண்டையும் சேர்த்து வென்றால்தான் ஒலிம்பிக் போக முடியும். நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. இரண்டு அணியும் சமமாக நின்ற நேரத்தில் ராணி ஒரு கோல் போட்டார். மொத்தத்தில் 6-க்கு 5 என்று இந்தியா வென்றது.

2021-ல் தோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. இந்தியப் பெண்கள் அணிக்கு ராணி தலைவர். அந்த அணி வலுவான ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்தது. வெண்கலப் பதக்க ஆட்டத்தில் பிரிட்டனிடம் 4-க்கு 3 என்று தோற்றது. நான்காம் இடம். பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் ஒலிம்பிக்கில் நம் பெண்கள் அரையிறுதி வரை போனது அதுவே முதல் முறை. 2020-ல் ராணிக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2024 அக்டோபரில் அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

ஒரு நல்ல மனிதர் போதுமா?

தோக்கியோ அணியில் ஷாஹாபாத் ஊரிலிருந்து ராணியோடு இன்னும் இருவர் இருந்தார்கள். நவ்ஜோத் கவுர், நவ்நீத் கவுர் என்பது அவர்கள் பெயர். ஒரு சிறிய ஊரிலிருந்து மூன்று பேர்! அந்த ஊர்ப் பெண்களுக்கு மட்டும் திறமை வானத்திலிருந்து கொட்டியதா? இல்லை. அங்கே மைதானம் இருந்தது. தினமும் வரும் பயிற்சியாளர் இருந்தார். மூத்தவர்களைப் பார்த்து இளையவர்கள் கற்றார்கள். இந்த மூன்றும் இருந்தால் எந்த ஊரிலும் திறமை முளைக்கும்.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் சிம்டேகா மாவட்டத்தைப் பாருங்கள். அங்கே ஆதிவாசி மக்கள் அதிகம். கிராமத்துக்குக் கிராமம் ஹாக்கி ஆடுவார்கள். வென்ற அணிக்கு ஆட்டுக்கிடா பரிசு! அன்று இரவு ஊருக்கே விருந்து. அந்த மாவட்டத்துப் பெண்தான் சலீமா டேடே. மூங்கில் மட்டையால் ஆடக் கற்றவர். 2018-ல் இளையோர் ஒலிம்பிக்கில் அணித் தலைவராக வெள்ளிப் பதக்கம் வாங்கினார். தோக்கியோவில் ஆடினார். அந்த நேரத்தில் அவர் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிகூட இல்லை. 2024-ல் அவர் இந்திய அணியின் தலைவர் ஆனார்.

எல்லா ஊரிலும் ஒரு பல்தேவ் சிங் இருப்பாரா? இருக்க மாட்டார். அதனால்தான் அரசின் ஏற்பாடு வேண்டும்.

அரசு என்ன செய்கிறது?

1982-ல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதன் பிறகு 1984-ல் மத்திய அரசு இந்திய விளையாட்டு ஆணையத்தை அமைத்தது. இதைச் சுருக்கமாக 'சாய்' என்பார்கள். இதன் பயிற்சி மையங்கள் பல மாநிலங்களில் உள்ளன. விடுதியில் சேரும் பிள்ளைக்குத் தங்க இடம், சாப்பாடு, உடுப்பு, பயிற்சி எல்லாம் இலவசம். பக்கத்துப் பள்ளியில் படிக்கவும் ஏற்பாடு உண்டு. மாநில அரசுகளும் விளையாட்டு விடுதிகள் நடத்துகின்றன. ஒடிசாவில் ரூர்கேலா நகருக்குப் பக்கத்தில் பான்போஷ் விடுதி இருக்கிறது. அங்கே கற்ற பலர் இந்தியாவுக்காக ஹாக்கி ஆடியிருக்கிறார்கள்.

2018-ல் 'கேலோ இந்தியா' என்ற பெயரில் பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டி தில்லியில் தொடங்கியது. 'விளையாடு இந்தியா' என்பது இதன் பொருள். திறமையுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பது இதன் நோக்கம். தேர்வான பிள்ளைகளின் கைச்செலவுக்கு மாதம் 10,000 ரூபாய் என்று இந்தத் திட்டத்தில் வகுத்தார்கள்.

ராணி கலந்த தண்ணீரை இப்போது நினைத்துப் பாருங்கள். விடுதிச் சாப்பாடும் இந்தப் பணமும் அந்தத் தண்ணீருக்குப் பதிலாகப் பால் ஊற்றத்தான்.

ஆனால் எல்லாம் நிறைவாக இல்லை. இன்று பெரிய போட்டிகள் செயற்கைத் தரையில் நடக்கின்றன. அதை அமைக்கப் பல கோடி ரூபாய் ஆகும். ஆகவே சில நகரங்களில்தான் அது இருக்கிறது. மண் தரையில் பழகிய பிள்ளைக்கு அதில் பந்தின் வேகம் பிடிபட நாளாகும். பல பள்ளிகளில் மைதானம் இல்லை. மைதானம் இருந்தால் ஆசிரியர் இல்லை. திட்டம் இருப்பது பல பெற்றோருக்குத் தெரிவதே இல்லை.

மேலே போகும் படிகள்

முதல் படி பள்ளி. அடுத்தது வட்டாரம், மாவட்டம், மாநிலம். பிறகு தேசியப் போட்டி. ஹாக்கியில் 16 வயதுக்கு உட்பட்டோர், 19 வயதுக்கு உட்பட்டோர் என்று தனித்தனிப் போட்டிகள் உண்டு.

விடுதிக்குத் தேர்வு நடக்கும்போது ஓட்டம், தாண்டுதல், உயரம், எடை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஆட்டத் திறனையும் பார்ப்பார்கள். எப்போது, எங்கே தேர்வு என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். பள்ளி விளையாட்டு ஆசிரியரிடமும் கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

பிறப்புச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. சரியான வயதையே சொல்லுங்கள். வயதைக் குறைத்துச் சொன்னால் மருத்துவச் சோதனையில் தெரிந்துவிடும். பிள்ளைக்குத் தடை விதிப்பார்கள். இன்னொரு பிள்ளையின் இடத்தைப் பறித்த பாவமும் சேரும்.

படிப்பை நிறுத்தாதீர்கள். இது மிக முக்கியம். நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஹாக்கி பழகுகிறார்கள். ஒலிம்பிக் போகும் அணியிலோ இருபது பேருக்குக்கூட இடமில்லை. மற்றவர்கள் தோற்றவர்களா? இல்லை. ரயில்வே, காவல்துறை, வங்கி போன்ற இடங்களில் ஆட்டக்காரர்களுக்கு வேலை உண்டு. ஆனால் அந்த வேலைக்கும் படிப்பு வேண்டும்.

வலியை மறைக்கச் சொல்லாதீர்கள். "அணியில் இடம் போய்விடுமே" என்று பிள்ளை வலியோடு ஆடும். சிறிய காயம் பெரிதாகிவிடும். மருத்துவரிடம் காட்டுங்கள். யாரோ தரும் சத்து மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அதில் தடை செய்த மருந்து கலந்திருக்கலாம்.

பிள்ளையோடு பேசிக்கொண்டே இருங்கள். விடுதியில் யாராவது அடிக்கிறார்களா, தவறாக நடக்கிறார்களா என்று கேளுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் விளையாட்டுக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் 1098. இலவசமாகப் பேசலாம்.

பெண் பிள்ளையைத் தடுக்காதீர்கள். "ஊர் என்ன சொல்லும்?" என்று ராணியின் வீட்டிலும் பயந்தார்கள். அன்று அந்தப் பயம் வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாட்டுக்கு ஒரு தலைவி கிடைத்திருக்க மாட்டார்.

சொந்த வீடு கட்டித் தருவேன் என்று ராணி சிறுவயதில் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். 2017-ல் அதை நிறைவேற்றினார். மழை வந்தால் அந்த வீட்டுக்குள் வெள்ளம் வராது.

உங்கள் ஊரிலும் ஒரு பிள்ளை மைதானத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளையின் கையில் மட்டை இருக்கிறதா? வயிற்றில் பால் இருக்கிறதா? இன்று மாலை போய்ப் பாருங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. ராணி ஏன் பாலில் தண்ணீர் கலந்தாள்? அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

2. உங்கள் ஊரில் பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறதா? பெண் பிள்ளைகளும் அங்கே போகிறார்களா?

3. உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலகம் எங்கே இருக்கிறது? யார் போய்க் கேட்டு வருவது?

4. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் பத்திரமாக இருக்கிறதா? எடுத்துப் படித்துப் பாருங்கள்.