பொலீட்டசு: பெயரும் பொருளும்

சொல் நிலைத்து நிற்கப் பொருள் மாறுதல் மொழிநூலார் நன்கறிந்தது. பொலீட்டசு என்னும் காளான் பெயர் அதற்குத் தக்கதொரு சான்றாகும்.

பண்டை உரோமர் இப்பெயரால் போற்றியது, குடையடியில் மடல்களையுடைய அமனிட்டா சிசேரியா என்னும் வேறொரு காளானையே என்பர். கி.பி. 54இல் இறந்த பேரரசன் கிளாடியசுக்கு நஞ்சு கலந்து அளிக்கப்பெற்றதாகப் பண்டை வரலாற்றாசிரியர் கூறும் பொலீட்டசும் இன்றைய பொலீட்டசு அன்று. 1753இல் இலின்னேயசு இப்பெயரை, மடலின்றி நுண்துளைகளையுடைய காளான்களுக்குச் சூட்டினார். 1782இல் புல்லியார்டு அவற்றுள் ஒன்றனைப் பொலீட்டசு எடுலிசு என்றார். எடுலிசு என்பது உண்ணத்தக்கது எனப் பொருள்படும்.

இவ்வொன்றனையே இத்தாலியர் பன்றியொடு சார்த்திப் போர்சினோ என்பர்; செருமானியர் திண்மை நோக்கிக் கற்காளான் என்பர்; உலர்ந்தும் சதை வெண்மை மாறாமையின் உருசியர் வெண்காளான் என்பர்.

இனி, உண்ணத்தகுதி பற்றி ஒரு சொல். 1831இல் இலென்சு 'சாத்தான்' எனப் பெயரிட்ட இனம், வெளிறிய குடையும் சிவந்த துளைவாய்களும் உடையது, அறுத்தால் நீலமாகும், உண்டாரைக் கடும் வாந்திக்கு உள்ளாக்கும். 2014இல் அது உருப்ரொபொலீட்டசு என்னும் தனிப் பேரினத்துள் வைக்கப்பெற்றது. எனினும், நீலமாதல் நஞ்சின் அடையாளம் அன்று. சதையிலுள்ள சில பொருள்கள் காற்றிலுள்ள உயிர்வளியொடு கூடுதலின் விளைவே அது. நீலமாகும் இம்லேரியா பாடியா சமைத்து உண்ணப்படுகின்றது. நிறம் மாறாத தைலோபிலசு பெல்லியசோ பொறுக்கவொண்ணாக் கைப்புடையது. ஆதலின், ஒரு குறியை மட்டும் கொண்டு உண்ணத் துணிதல் உயிர்க்கு ஊறு பயக்கும்.

சிறுபாணாற்றுப்படை, வறியோர் அட்டிலில் பூத்த காளானுக்குப் புழல் என்னும் அடை தருகின்றது. புழல் குழலையும் குறிக்குமாதலின், அது பொலீட்டசு ஆகலாம் எனச் சிலர் கருதக்கூடும். அது பொருந்தாது. ஆண்டுப் புழல் என்பது உட்டுளையையே சுட்டும். மேலும், அக்காளான் சிதல் அரித்த சுவரின் புழுதியிற் பூத்தது. பொலீட்டசு இனங்களோ பெரும்பாலும் மரவேர்களொடு கூடி வாழ்வன.

கலைச்சொல் ஆக்குவோர் இதனைத் துளைக்காளான் எனின், மரத்திற் படரும் வன்காளான்களும் அதனுள் அடங்கும். சதையினின்று எளிதிற் பிரியும் குழலடுக்கே இதன் சிறப்பியல்பு. எனவே, குழற்காளான் என்பதே பொருந்தும்.