பறவையின் கண்ணைப் பார்க்காதே

துரோணர் மரக்கிளையில் ஒரு பொம்மைப் பறவையை வைத்தார். மற்றவர்களுக்கு மரமும் இலையும் தெரிந்தன. அர்ஜுனனுக்குப் பறவையின் கண் மட்டும் தெரிந்தது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை 13, 14 வயதில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வந்தால், அங்கே கோச் சொல்வது நேர்மாறாக இருக்கும். "இலக்கைப் பார்க்காதம்மா. அது மங்கலாத் தெரிஞ்சா போதும். கண்ணு முன்குறி மேலயே இருக்கட்டும்."

முன்குறி என்பது பிஸ்டலின் முனையில் இருக்கும் சின்ன மேடு. பின்னால், கண்ணுக்கு அருகில், ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், அது பின்குறி. பள்ளத்தின் நடுவில் மேடு நிற்க வேண்டும், இருபுறமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். கைநீளத்தில் இருப்பதையும் பத்து மீட்டரில் இருப்பதையும் மனிதக் கண்ணால் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். விட்டுக்கொடுக்க வேண்டியது இலக்கை.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு குறிகளுக்கும் இடையே ஏறக்குறைய ஓர் அடி. பள்ளத்தின் நடுவிலிருந்து மேடு ஒரு மில்லிமீட்டர் விலகினால், குண்டு பத்து மீட்டர் போய்ச் சேர்வதற்குள் அந்த விலகல் முப்பது மடங்காகி 3 செ.மீ. ஆகிவிடும். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 11.5 மி.மீ.தான், அந்தக் குண்டுக்கு ஏழு கிடைக்கலாம், ஆறும் கிடைக்கலாம். ஆனால் குறிகள் இரண்டும் நேராக நிற்க, கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் ஆடினால் குண்டும் ஒரு மில்லிமீட்டர்தான் தள்ளிப் போகும். கை ஆடுவதை யாராலும் முழுதாக நிறுத்த முடியாது, உலக சாம்பியனுக்கும் ஆடும். இது புரிந்த நாளில் பிள்ளையின் பாதிப் பயம் போய்விடும். ஆட்டத்தோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு முன்குறியைப் பார்க்கத் தொடங்கும்.

ஆனால் அந்த நாள் உடனே வராது. நல்ல கோச் முதலில் துப்பாக்கியையே கையில் தரமாட்டார். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, இலக்குக்குப் பக்கவாட்டில் நிற்கச் சொல்வார். கண்ணை மூடி வெறுங்கையைத் தூக்கு, இப்போது திற. கை இலக்கை விட்டு விலகி நின்றால், கையைத் திருப்பக் கூடாது. பாதத்தைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். கையைத் திருப்பிப் பிடித்தால் தசை இறுகும். இறுகிய தசை அறுபது குண்டுவரை தாங்காது. சினிமாவில் பார்த்ததுபோல் இரண்டு கையாலும் பிடிக்க பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் அனுமதி இல்லை. மற்றக் கை பாக்கெட்டிலோ இடுப்புப் பட்டையிலோ அடங்கிக் கிடக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வென்ற துருக்கியின் யூசுஃப் டிகெச், 51 வயதில் பாக்கெட்டில் கைவிட்டு நின்ற படம் உலகமெங்கும் பரவியது. அலட்சியமாக நிற்கிறார் என்று பலர் ரசித்தார்கள். உண்மையில் அது உடம்பை ஆடாமல் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு.

பிறகு பாதுகாப்பு. குழல் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும். சுடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பாதுகாப்பு இழை செருகியிருக்க வேண்டும். துப்பாக்கி காலி என்பதற்கு அதுதான் அடையாளம். "லோட்" என்ற குரல் வராமல் குண்டு போடக் கூடாது, "ஸ்டாப்" என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். பக்கத்தில் நிற்கும் நண்பன் ஏதோ கேட்டான் என்று பிஸ்டலோடு திரும்பும் பிள்ளைக்கு அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. இதில் மட்டும் கோச் இரக்கம் காட்டக் கூடாது.

விசையை அழுத்துவது அடுத்த பாடம். ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்த அரை கிலோவை ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதையால், நேராகப் பின்னோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். எந்தக் கணத்தில் குண்டு கிளம்பும் என்று சுடுபவருக்கே தெரியக் கூடாது. தெரிந்தால் மணிக்கட்டு முந்திக்கொண்டு துள்ளும். வலக்கைக்காரருக்குக் குண்டு பெரும்பாலும் இடதுபுறம் கீழே போய் விழும். அதனால்தான் வாரக்கணக்கில் குண்டே போடாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து வெறும் விசையை அழுத்தும் 'டிரை' பயிற்சி நடக்கிறது. சத்தமும் இல்லை, புள்ளியும் இல்லை. பதின்வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சலிப்பான வேலை கிடையாது. இங்கேதான் பலர் விலகிப் போகிறார்கள்.

தாக்குப்பிடிப்பவர்களுக்கு மிகக் கடினமான பாடம் இனிமேல்தான். தூக்கிய பிஸ்டலைச் சுடாமல் இறக்குவது.

கை மேலே போய், மெதுவாக இலக்கின் கறுப்புக்குக் கீழே வந்து நிற்கிறது. மூன்று விநாடி, ஐந்து விநாடி. விரல் அழுத்தத் தொடங்குகிறது. எட்டாவது விநாடியில் முன்குறியின் விளிம்பு மங்குகிறது, ஆட்டம் பெரிதாகிறது. மனம் 'இப்போ, இப்போ' என்கிறது. ஒரு கிலோ எடையை நீட்டிய கையில் இத்தனை நேரம் தாங்கிவிட்டு, ஒன்றும் செய்யாமல் இறக்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? அழுத்திவிடுகிறது. திரையில் ஏழு. கோச் ஏழைப் பற்றிக் கேட்க மாட்டார். "ஏன் இறக்கல?" என்றுதான் கேட்பார். அறுபது குண்டுக்கு 75 நிமிடம் தருகிறது போட்டி விதி. இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி தூக்க அதில் நேரம் தாராளமாக இருக்கிறது. கையில் துப்பாக்கியோடு நிற்கும் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை, வேண்டாம் என்று தானே முடிவெடுத்து இறக்குவதைப் பார்க்கும் பெற்றோருக்கு, வீட்டிலிருந்து கிளம்பும்போது இருந்த கவலை கொஞ்சமாவது குறையும்.

அந்தக் கவலை நியாயமானது. சட்டமும் இதே எச்சரிக்கையோடுதான் இருக்கிறது. இந்தியாவில் துப்பாக்கி உரிமம் பெற 21 வயது நிறைய வேண்டும். சிறுவர்கள் தொடங்குவது 4.5 மி.மீ. ஈயக் குண்டு போடும் ஏர் பிஸ்டலில். வெடிமருந்து இல்லை, அழுத்திய காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. தரமான போட்டி பிஸ்டல் லட்ச ரூபாயைத் தாண்டும் என்பதால் தொடக்கத்தில் கிளப் பிஸ்டலே போதும். பெற்றோர் கவனிக்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று உண்டு: ஈயம் தொட்ட கையோடு பிஸ்கட் சாப்பிடக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் டிபன் பாக்ஸ்.

ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்தில் கோரியா என்ற கிராமம். அங்கே குத்துச்சண்டை, டென்னிஸ், ஸ்கேட்டிங் என்று எல்லாம் முயன்ற மனு பாக்கர், 14 வயதில் அப்பாவிடம் பிஸ்டல் கேட்டார். 16 வயதில், 2018-இல், மெக்சிகோவின் குவாடலஹாராவில் உலகக் கோப்பைத் தங்கம். அதே ஆண்டு காமன்வெல்த் போட்டியிலும் இளையோர் ஒலிம்பிக்கிலும் தங்கம். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் அதற்கடுத்து வந்த தோல்வி. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச்சுற்றின் நடுவே அவருடைய பிஸ்டல் பழுதானது. சரிசெய்வதற்குள் விலைமதிப்பற்ற நிமிடங்கள் கரைந்தன. தூக்கி இறக்க நேரமில்லை. 575 புள்ளிகளோடு 12-ஆம் இடம். வெளியே வந்தது கண்ணீரோடு.

டோக்கியோவுக்கு முன்பே மனஸ்தாபத்தில் பிரிந்திருந்த கோச் ஜஸ்பால் ராணாவிடம் 2023-இல் அவர் திரும்பப் போனார். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில், தன் பதின்வயதிலேயே பிஸ்டலில் தங்கம் வென்றவர் ராணா. யார் முதலில் பேசியிருந்தாலும், 21 வயதுப் பெண்ணும் கண்டிப்புக்குப் பெயர்போன கோச்சும் மறுபடி ஒரே ரேஞ்சில் நின்றது எளிய காரியம் இல்லை.

2024 ஜூலை 28, பாரிஸ் இறுதிச்சுற்று. கடைசிக் கட்டத்தில் ஒரு குண்டுக்கு 50 விநாடிதான். தூக்கலாம், இறக்கலாம், மறுபடி தூக்கலாம், எல்லாம் அதற்குள். ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார் மனு. அவருக்கு வெண்கலம், 221.7. அவரை வெளியேற்றி முன்னே போன கொரியாவின் கிம் யெஜி அப்போது வைத்திருந்தது 221.8. அந்த 0.1 புள்ளியை இலக்கில் அளந்தால் 0.8 மி.மீ. வரும்.