‘வில்டர்னஸ்’: சொல்லின் வரையறையும் காண்போர் நோக்கும்

1. முன்னுரை

ஒரு மொழியின் சொல்லுக்குப் பிறிதொரு மொழியில் இணைச்சொல் காண்பது மொழிபெயர்ப்பாளரின் அன்றாடப் பணியாகும். அச்சொல் ஒரு சட்டத்தில் இடம்பெற்று, அச்சட்டத்தின்வழி ஒரு நிலப்பரப்பு ஆளப்படுமாயின், சொல்லைப் புரிந்துகொள்வதில் நேரும் பிழை நில மேலாண்மையின் பிழையாகவும் மாறக்கூடும். ஆங்கிலத்தின் ‘வில்டர்னஸ்’ இத்தகைய சொல். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1964 செப்டம்பர் 3ஆம் நாள் நிறைவேறிய வில்டர்னஸ் சட்டம் இச்சொல்லுக்கு வரையறை தந்தது. அன்று ஏறத்தாழ 91 இலட்சம் ஏக்கர் நிலம் அதன்கீழ் வந்தது. இன்று அப்பரப்பு 11 கோடி ஏக்கரைக் கடந்துள்ளது. சட்டத்தின் வரையறைக்கும் சுற்றுலாப் பயணிகளின் உணர்வுக்கும் இடையிலான வேறுபாட்டையும், அது மேலாண்மைக்கும் தமிழாக்கத்திற்கும் உணர்த்துவனவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. சொல்லும் சட்டமும்

‘வில்டர்னஸ்’ என்பதன் வேர் காட்டு விலங்கைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லாகும். எனவே விலங்குகள் திரியும் இடம் என்பதே இதன் முதற்பொருள். நெடுங்காலம் அச்சத்தைக் குறித்து வந்த இச்சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் போற்றுதற்குரிய பொருளைப் பெற்றது. இம்மாற்றத்தை ரோடரிக் நாஷ் 1967இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

சட்டத்தை வரைந்த ஹோவர்ட் சானிசர் இந்நிலத்தை அடையாளப்படுத்த ‘அன்டிராமல்ட்’ என்னும் அருகிய அடையைத் தேர்ந்தெடுத்தார். ‘டிராமல்’ என்பது மீன்பிடி வலையையும் குதிரையின் காலில் இடும் கட்டையும் குறிக்கும். ஆகவே அடையின் பொருள் ‘தளையற்ற’ என்பதாகும். ஆனால் ஒலியொப்புமையால் பலர் இதனை ‘அன்டிராம்பில்ட்’, அதாவது ‘மிதிபடாத’ என்று படித்துவிடுகின்றனர். இவ்வேறுபாடு சிறிதன்று. ‘மிதிபடாத’ எனக் கொண்டால் தடுக்கப்பட வேண்டியவர் பயணி ஒருவரே. ‘தளையற்ற’ எனக் கொண்டாலோ, இயற்கையின் போக்கை மாற்ற முனையும் நிருவாகியின் கையும் கட்டுப்படுத்தப்பட வேண்டியதாகிறது.

3. தோன்றுதல்: யாருக்கு?

இயற்கை ஆற்றல்களால் உருவானதாகப் பொதுவில் தோன்றுவதும், மனிதச் செயலின் சுவடு பெரும்பாலும் புலப்படாததுமான நிலம் என்று சட்டம் மேலும் கூறுகிறது. இங்குத் ‘தோன்றுதல்’ என்னும் வினை கருதத்தக்கது. தமிழில் இவ்வினை உணர்வோனை நான்காம் வேற்றுமையில் ஏற்கும்: ‘எனக்குத் தோன்றுகிறது’, ‘அவனுக்குத் தோன்றியது’. சட்ட வாசகத்தில் அவ்விடம் நிரப்பப்படவில்லை. யாருக்குத் தோன்றவேண்டும் என்னும் வினாவிற்கு விடை தேடியவர்கள் புவியியலாளர்களே.

கனடா எல்லையை ஒட்டி மினசோட்டா மாநிலத்தில் அமைந்த பௌண்டரி வாட்டர்ஸ், ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஏரிகளைக் கொண்ட பகுதி. இதன் பயணிகளிடம் ராபர்ட் லூகஸ் நிகழ்த்திய ஆய்வு 1964இல் வெளிவந்தது. துடுப்புப் படகில் வந்தோர் தாம் வில்டர்னஸில் இருப்பதாக உணர்ந்த பரப்பு சிறியது. இயந்திரப் படகுகள் ஓடும் ஏரிகளை அவர்கள் அதனுள் சேர்க்கவில்லை. இயந்திரப் படகில் வந்தோர் உணர்ந்த பரப்போ பெரியது. அவர்களுள் பலர் அரசு வகுத்த எல்லைக்கு வெளியே சாலைகள் உள்ள இடங்களையும் அதனுள் அடக்கினர். நிலமும் சொல்லும் ஒன்றாக இருக்க, சுட்டுப்பொருளின் எல்லை மட்டும் பேசுவோர் குழுவிற்கேற்ப விரிந்தும் சுருங்கியும் அமைந்தது.

நியூசிலாந்தின் கிளிஸ்கி, கியர்ஸ்லி ஆகியோர் 1993இல் இக்கருத்தை நிலப்படமாகவே வரைந்து காட்டினர். மனிதச் சுவடுகளை எந்த அளவிற்குப் பொறுத்துக்கொள்கின்றனர் என்பதன் அடிப்படையில் பயணிகளை நான்கு வகையினராகப் பிரித்து, ஒவ்வொரு வகையினர்க்கும் தனித்தனி வில்டர்னஸ் படத்தை அவர்கள் உருவாக்கினர்.

4. மேலாண்மையில் இதன் பயன்

லூகஸின் முடிவிலிருந்து எளிய வழியொன்று பிறந்தது. இயந்திரப் படகினர் எல்லைக்கு வெளியிலுள்ள ஏரிகளிலேயே நிறைவு காண்பர் எனில், அவர்களுக்கான வசதிகளை அங்கு அமைக்கலாம். உட்பகுதி தனிமையை நாடுவோர்க்கு எஞ்சும். 1964ஆம் ஆண்டுச் சட்டம் இப்பகுதியில் முன்பே வழக்கிலிருந்த இயந்திரப் படகுகளுக்கு விலக்கு அளித்திருந்தது. 1978இல் வந்த தனிச்சட்டம் அவற்றை நீர்ப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிற்குள் அடக்கியது. இன்று ஒவ்வொரு நுழைவாயிலுக்கும் அனுமதி எண்ணிக்கை வரையறுக்கப்பட்டுள்ளது. ஒரு குழுவில் ஒன்பது பேருக்கும் நான்கு படகுகளுக்கும் மேல் இருத்தல் கூடாது.

எனினும் பயணியின் நோக்கை மட்டும் அளவுகோலாகக் கொள்வது போதாது. 1999 ஜூலை 4ஆம் நாள் வீசிய பெருங்காற்று இப்பகுதியில் இலட்சக்கணக்கான ஏக்கரில் மரங்களைச் சாய்த்தது. காண்போர்க்கு அது அழிவாகத் தோன்றினும் அது முற்றிலும் இயற்கையின் செயல். பின்னர்க் காட்டுத்தீ அச்சத்தால் வனத்துறை திட்டமிட்டுத் தீ மூட்டியது. இது காண்போர் எளிதில் உணராத மனிதச் செயல். ‘தோன்றுதல்’ என்னும் அளவுகோல் முன்னதை ஐயுறவும் பின்னதைக் கடந்து செல்லவும் இடமளிக்கிறது. ‘தளையற்ற’ என்னும் அளவுகோலோ பின்னதையே கேள்விக்கு உட்படுத்துகிறது.

பயணியல்லாத மற்றொருவரும் உளர். மனிதன் தங்கிவிடாத வருகையாளன் என்று சட்டம் கூறும் இந்நிலம் ஓஜிப்வே மக்களின் வாழிடம். வேட்டை, மீன்பிடி, காட்டரிசி சேகரிப்பு ஆகியன அவர்தம் மரபுரிமைகள். ‘தோன்றுகிறது’ என்னும் வினையின் நான்காம் வேற்றுமை இடத்தைப் பயணியைக் கொண்டு மட்டும் நிரப்பும்போது இம்மக்கள் வாக்கியத்திலிருந்தே நீங்கிவிடுகின்றனர்.

5. தமிழில் தருதல்

தமிழின் ‘காடு’ ஆள் இல்லாத நிலமன்று. திணைமரபில் முல்லைக்கு ஆயரும் குறிஞ்சிக்குக் குறவரும் உரியர். கொங்கு வட்டாரத்தில் ‘காடு’ என்பது உழுது பயிரிடும் புன்செய் நிலத்தையும் குறிக்கும். ‘வனம்’ அரசுத் துறையின் ஆட்சிச்சொல்லாக நிலைபெற்றுவிட்டது. விவிலியத் தமிழின் ‘வனாந்தரம்’ வறட்சியையும் அலைதலையும் நினைவூட்டுவது. அமெரிக்கச் சட்டம் போற்றும் பொருள் அதில் இல்லை. ‘கன்னிநிலம்’ போன்ற ஆக்கம் ‘மிதிபடாத’ என்னும் பிழைப்பொருளையே நிலைநிறுத்தும்.

இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்கா, சரணாலயம் முதலிய வகைகளைக் கையாள்கிறது. வில்டர்னஸ் என்னும் வகை அதில் இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்கிறது. வில்டர்னஸ் கருத்தை இந்தியச் சூழலில் அப்படியே பொருத்துவது அங்கு வாழும் ஏழை மக்களைப் பாதிக்கும் என்று இராமச்சந்திர குகா 1989இலேயே எடுத்துக்காட்டினார். எனவே ‘வில்டர்னஸ் மேலாண்மை’ என்பதைக் ‘காட்டு மேலாண்மை’ என்று பெயர்த்தால் இரு வேறு சட்டமரபுகள் ஒன்றாகக் கலந்துவிடும்.

சட்ட வாசகத்தைப் பெயர்க்குமிடத்துத் ‘தளையற்ற இயற்கைநிலம்’ என்னும் தொடர் பொருந்தும். ‘தளை’ விலங்கின் காற்கட்டையும் பொதுவில் கட்டினையும் குறிப்பதால் மூலத்தின் உருவகமும் காக்கப்படுகிறது. பயணியர் கருத்தாய்வுகளைப் பெயர்க்குமிடத்து, அவர்கள் ‘இயற்கைநிலமாக உணரும் பகுதி’ என உணர்வோரை வெளிப்படச் சுட்டுதல் வேண்டும்.

6. முடிவுரை

‘வில்டர்னஸ்’ நிலத்தின் பண்பை மட்டும் குறிக்கும் சொல்லன்று. நிலத்திற்கும் காண்போர்க்கும் இடையிலான உறவைக் குறிப்பது. அவ்வுறவில் பயணி, நிருவாகி, வாழ்வோர் ஆகிய மூவருக்கும் இடமுண்டு. மூலத்தில் உணர்வோர் தொக்கு நிற்குமாயின், அவர் யார் என்று தேர்ந்தபின்னரே சொல்லைத் தெரிவு செய்தல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.