கயிறு மாறிய குதிரைகள்

நம் புளியங்குடிப் பக்கத்தில் மாட்டை விற்பவர் பழைய கயிற்றை அவிழ்த்துத் தம்மிடமே வைத்துக்கொள்வதை நேயர்கள் பார்த்திருக்கலாம். பாண்டிய நாட்டில் குதிரைக்கும் கயிறு மாறும் வழக்கம் உண்டென்பதற்குத் திருவிளையாடற் புராணம் சாட்சி. குதிரைச் சேவகனாக வந்த இறைவன் கயிறு மாறிக் கொடுத்துச் சென்ற அன்றிரவே லாயத்திலிருந்த பரிகள் நரிகளாயின. கயிறு மாறியபின் நஷ்டம் வாங்கியவருடையதே அல்லவா?

அது புராணம். பரிகள் லாயத்தில் மாண்டதோ சரித்திரம். 13-ம் நூற்றாண்டின் இறுதியில், தாமிரபருணி கடலொடு கலக்குமிடத்திலிருந்த காயல் துறையில் அரபு, பாரசீகக் குதிரைகள் வந்திறங்கின. நம் நாட்டுத் துறைகளுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்றும், தலைக்கு 220 பொன் தினார் விலையென்றும், வழியில் இறந்தவற்றிற்கும் அரசன் பொக்கிஷமே பணம் கொடுத்ததென்றும் பாரசீகர் வஸ்ஸாப் எழுதினார். தொகையைச் சற்றுக் குறைத்துக்கொண்டாலும் நெஞ்சு பதறுகிறது.

சேணமும் கடிவாளமும் புது லாயத்திற்கு மாற்றுதல் எளிது. பேணத் தெரிந்த கை வேண்டுமே! அரசன் ஆண்டுதோறும் வாங்கிய 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளில் ஆண்டிறுதியில் 100கூட மிஞ்சவில்லை என்கிறார் மார்க்கோ போலோ. வைத்தியமும் லாடமும் அறிந்தவர் இங்கில்லை. வியாபாரிகள் அவர்களை வரவிடவுமில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்! தீனியோ, சோற்றுடன் வேகவைத்த இறைச்சியாம். வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பாலும் என்பது வஸ்ஸாப் கூற்று. இரண்டில் எதுவாயினும், புல் மேய்ந்து வளர்ந்த பிராணிக்கு அது விருந்தன்று.

செத்தவை போக எஞ்சியவையும் நிலைக்கவில்லை. 1311-ல் மாலிக் காபூர் தென்னாட்டிலிருந்து கொண்டு சென்ற கொள்ளையில் 512 யானைகளுடன் 5,000 குதிரைகளும் இருந்தன என்று அமீர் குஸ்ரு கணக்கெழுதினார். அவை டில்லி லாயம் புகுந்தன. அம்முறை கயிறு மாற்ற எவரும் நிற்கவில்லை.