பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

50 மி.மீ. லென்ஸுக்கும் 51 மி.மீ. லென்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் எந்தப் புகைப்படக்காரரும் சிரித்துவிடுவார். 10-க்கும் 11-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் சிரிக்க மாட்டார். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். க்ராப் சென்சார் கேமரா ஒன்றைச் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நேராக வைக்கிறோம். நிக்கான், சோனி, ஃபியூஜி வகைகளில் சென்சாரின் அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ. அதைக் குவியத் தொலைவால் வகுத்து, சுவரின் தொலைவால் பெருக்கினால், படத்தில் விழும் சுவரின் அகலம் கிடைக்கும். 50 மி.மீ.யில் 1.41 மீட்டர், 51-இல் 1.38. போனது மூன்று சென்டிமீட்டர். அதே இடத்திலிருந்து 11 மி.மீ. லென்ஸ் 6.41 மீட்டர் சுவரைக் காட்டும், 10 மி.மீ. லென்ஸோ 7.05 மீட்டரைக் காட்டும். ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்ததற்கு 64 சென்டிமீட்டர் வரவு!

கடையில் அடுக்கியிருக்கும் அல்ட்ரா வைடு ஜூம்களில் 10–20, 11–16, 12–24 என்று எண்கள் பொறித்திருக்கும். கண் இயல்பாகவே பெரிய எண்ணுக்குப் போகிறது; 24 வரை நீள்கிறதே, தாராளமாக இருக்கிறதே என்று தோன்றுகிறது. ஆனால் 18 மி.மீ.க்கு மேலுள்ளதையெல்லாம் கேமராவோடு வந்த 18–55 கிட் லென்ஸே பார்த்துக்கொள்ளும். நாம் காசு கொடுப்பது முதல் எண்ணுக்கு. நம் சுவர்க் கணக்கில் 24 மி.மீ.யிலிருந்து 18-க்கு இறங்கினால் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். 12-இலிருந்து 10-க்கு இறங்கினால் கூடுவது 1.17 மீட்டர். அங்கே ஆறு மில்லிமீட்டர் செய்யாததை இங்கே இரண்டே செய்துவிடுகிறது.

இவ்வளவு சின்ன எண்கள் ஏன் தேவைப்பட்டன? ஃபிலிம் காலத்தில் 20 மி.மீ. என்றாலே மிக அகலமான லென்ஸ். 36-க்கு 24 மி.மீ. என்ற அந்தக் காலச் சட்டத்துக்கு அதுவே போதும். டிஜிட்டல் வந்தபோது அவ்வளவு பெரிய சென்சார் செய்வது கட்டுப்படியாகவில்லை. 1999-இல் வந்த நிக்கான் டி1-இன் சென்சார் 23.7-க்கு 15.6 மி.மீ.தான். பழைய லென்ஸை அதில் மாட்டியவர்களுக்கு விழுந்தது படத்தின் நடுப்பகுதி மட்டும். பறவைகளைப் படமெடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம்: அவர்களுடைய 300 மி.மீ. லென்ஸ் செலவில்லாமல் 450 போல நடந்துகொண்டது. கட்டடங்களையும் நிலக்காட்சிகளையும் எடுப்பவர்களின் 20 மி.மீ. லென்ஸோ 30 ஆகிச் சுருங்கிவிட்டது. பறிபோன அகலத்தை மீட்கத்தான் 2003-இல் நிக்கானின் 12–24, 2004-இல் கேனானின் 10–22 எல்லாம் பிறந்தன.

ஆனால் 10 மி.மீ. லென்ஸ் என்பதே விசித்திரமான பொருள். எளிய லென்ஸாக இருந்தால், தொலைவிலுள்ள காட்சி துல்லியமாக விழ அது சென்சாருக்கு 10 மி.மீ. அருகில் நிற்க வேண்டும். டிஎஸ்எல்ஆர் கேமராவில் அந்த இடத்தில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருப்பது வியூஃபைண்டருக்குக் காட்சியைத் திருப்பிவிடும் கண்ணாடி. கேனான் கேமராக்களில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி 44 மி.மீ.; நிக்கானில் 46.5. லென்ஸ் தூரத்தில் நிற்க வேண்டும், ஆனால் பக்கத்தில் நிற்பதுபோல் வேலை செய்ய வேண்டும்.

விடை பழையது. முன்னால் ஒளியை விரிக்கும் குழி லென்ஸ் தொகுதி, பின்னால் அதைச் சேர்க்கும் குவி லென்ஸ் தொகுதி. இப்படி அடுக்கினால், கணக்கில் லென்ஸ் நிற்பதாகக் கொள்ள வேண்டிய புள்ளி கண்ணாடிகளையெல்லாம் விட்டுவிட்டுப் பின்னால் வெற்றிடத்தில் போய் நிற்கும். 1930-களில் டெக்னிகலர் சினிமா கேமராவுக்கு இது தேவைப்பட்டது. ஒளியை மூன்று ஃபிலிம்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பட்டகம் லென்ஸுக்குப் பின்னால் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் டெய்லர் ஹாப்சன் நிறுவனத்தின் எச்.டபிள்யூ. லீ அதற்கு வழி கண்டார். 1950-இல் பிரான்ஸின் பியேர் ஆஞ்செனியு அதே உத்தியைச் சாதாரணப் புகைப்படக் கேமராவுக்குக் கொண்டுவந்து ‘ரெட்ரோஃபோகஸ்’ என்று பெயரிட்டார். கேனான் 10–22-இன் முன்பக்கத்தில் 77 மி.மீ. ஃபில்டர் மாட்ட வேண்டியிருப்பது இந்த ஏற்பாட்டுக்கு நாம் கொடுக்கும் விலை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சென்சார் சிறியதானதால்தான் சிக்கலே வந்தது. ஆனால் சென்சார் சிறியதானால் அந்த ஆடும் கண்ணாடியும் சிறியதாகலாம், லென்ஸின் பின்பகுதி இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். கேனான் 2003-இல் கொண்டுவந்த இஎஃப்-எஸ் வகை லென்ஸ்கள் அந்த இடத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டன. அதனாலேயே கேனானின் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர்களில் அவை மாட்டாது. கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி 16 முதல் 20 மி.மீ. வரைதான். 10–22 எடை 385 கிராம்; மிரர்லெஸ்ஸுக்காக 2023-இல் வந்த கேனான் ஆர்எஃப்-எஸ் 10–18 வெறும் 150 கிராம். கண்ணாடி போனது ஒரு காரணம், அப்பர்ச்சர் சிறியதானது இன்னொரு காரணம். ஓரங்களின் வளைவைத் திருத்தும் பொறுப்பைச் சிறிய லென்ஸ்கள் பல இப்போது கேமராவின் மென்பொருளிடம் தள்ளிவிடுகின்றன. இது எனக்குக் குறையாகப் படவில்லை.

இன்னொரு எதிரி இருட்டு. சாய்வாக வரும் ஒளி மங்கும். எளிய லென்ஸில் அந்த மங்கல், சாய்கோணக் கோசைனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 10 மி.மீ.யில் சட்டத்தின் மூலைக்கு இந்தக் கணக்குப்படி நடுவில் விழும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். 1900-இல் ஜெர்மனியின் கோயர்ட்ஸ் நிறுவனம் விற்ற ஹைபர்கான் லென்ஸ் 130 டிகிரிக்கும் மேல் பார்த்தது. அதன் மூலைகள் இதைவிடப் பல மடங்கு இருண்டன. அதற்கு அவர்கள் கண்ட மருந்து ஒரு காற்றாடி! ரப்பர் பந்தை அமுக்கினால் வரும் காற்றில், லென்ஸின் முன்னால் நட்சத்திர வடிவத் தகடு சுழலும்; நடுவில் விழும் ஒளியை மறைத்து, ஓரங்கள் வெளிச்சம் வாங்க நேரம் கொடுக்கும். பிறகு அதை விலக்கி மீதி நேரத்துக்குப் படமெடுப்பார்கள். ரெட்ரோஃபோகஸ் அமைப்பில் சென்சாரை நோக்கி வரும் ஒளி அவ்வளவு சாய்வதில்லை. நமக்குக் காற்றாடி தேவைப்படாததற்கு முக்கியக் காரணம் அதுதான்.

தீர்க்க முடியாதது ஒன்று இருக்கிறது. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த லென்ஸும், உருண்டையை ஓரத்தில் முட்டையாக்கியே தீரும். கண்ணாடியின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அத்தனையும் வடிவியல். 10 மி.மீ.யில் பக்கவாட்டு விளிம்பில் நிற்கும் தலை உயரத்தைவிட ஒன்றரை மடங்கு அகலமாக விழும். 18 மி.மீ.யில் அந்த நீட்சி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் ஓரத்தில் நின்ற சித்தப்பா திடீரென்று பெருத்துப்போவது இதனால்தான். ஓவியர்களுக்கு இது முன்பே தெரியும். வாட்டிகனில் ரஃபேல் 1509 முதல் 1511 வரை தீட்டிய ‘ஏதென்ஸின் பள்ளி’ சுவரோவியத்தில், வலது ஓரத்தில் இருவர் கோளங்களை ஏந்தி நிற்கிறார்கள். கண்டிப்பான பெர்ஸ்பெக்டிவ் விதிப்படி அவை நீள்வட்டங்களாக இருந்திருக்க வேண்டும். ரஃபேல் விதியை மீறி வட்டமாகவே வரைந்தார். லென்ஸுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. ஆகவே ஆட்களை நடுவில் நிறுத்துங்கள், ஓரங்களைச் சுவருக்கும் வானத்துக்கும் மரத்துக்கும் விடுங்கள்.

எஃப்/2.8 அப்பர்ச்சர் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. டோக்கினா 11–16 அந்த எண்ணாலேயே புகழ்பெற்றது. பின்னணியை மங்கலாக்கத்தான் என்றால் அந்தப் பணம் வீண். 10 மி.மீ.யில், எஃப்/8-இல், சுமார் 63 சென்டிமீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 32 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே தெளிவு; மங்கலாக்க மிச்சம் எதுவுமில்லை. இரவு வானத்தையும் பால்வழியையும் எடுப்பவர்கள் கதை வேறு. எஃப்/4.5-ஐவிட எஃப்/2.8 இரண்டரை மடங்கு ஒளியை விடும், நட்சத்திரங்கள் கோடாக நீளும் முன் படத்தை முடித்துவிடலாம். கட்டட உட்புறங்களை எடுப்பவர்களுக்கு அதைவிட உதவுவது கைநடுக்கத்தைத் தாங்கும் வசதி. கேனான் 10–18, நிக்கான் 10–20 இரண்டிலும் அது இருக்கிறது. பெரும்பாலோருக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான். சிக்மாவின் 8–16, 8 மி.மீ. வரை இறங்கி நம் சுவரில் 8.8 மீட்டரைக் காட்டும். ஆனால் முன்கண்ணாடி புடைத்திருப்பதால் ஃபில்டர் மாட்ட வழியில்லை. போலரைசர் ஃபில்டரைப் பொறுத்தவரை அது பெரிய இழப்பும் இல்லை. சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானத்தில்தான் ஒளியின் முனைவாக்கம் மிகுதி. கிட்டத்தட்ட 100 டிகிரி அகலத்துக்கு வானம் விழும் படத்தில் அந்தப் பகுதி மட்டும் கரும்பட்டையாகத் தெரியும்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் தங்கள் கேமராவிலேயே மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். டோக்கினா 11–16-இன் முதல் நிக்கான் பதிப்பில் மோட்டார் கிடையாது. தங்களுக்குள்ளும் மோட்டார் இல்லாத டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். நிக்கான் 10–20-இல் சங்கடம் தலைகீழ்: டி90, டி7000 போன்ற பழைய கேமராக்களில் அது தானாகவும் ஃபோகஸ் ஆகாது, கையால் திருகினாலும் ஆகாது.